கேட்ட கேள்வியும் கிடைத்த பதிலும்

இத்தாலியின் நடுப்பகுதி மலைநாட்டில் லாக்விலா என்ற பழைய நகரம் இருக்கிறது. அந்த ஊர்ப் பெரியவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. இரவில் நிலம் அதிர்ந்தால் கம்பளியைத் தோளில் போட்டுக்கொண்டு, பிள்ளைகளை எழுப்பிக் கூட்டிக்கொண்டு, வீட்டை விட்டு இறங்கிவிடுவார்கள். சதுக்கத்திலோ காருக்குள்ளோ விடியும்வரை கிடப்பார்கள். 1461இலும் 1703இலும் ஊர் இடிந்து விழுந்தது. அந்த நினைவு பாட்டனிடமிருந்து பேரனுக்கு வந்து சேர்ந்த வடிவம்தான் இந்தக் கம்பளி.

2009 ஏப்ரல் 5ஆம் தேதி இரவு பதினொரு மணிக்குச் சற்று முன்பு நிலம் அதிர்ந்தது. நள்ளிரவு தாண்டி இன்னொரு முறை. பலர் இறங்கவில்லை. அதிகாலை 3.32க்கு 6.3 அளவுள்ள நிலநடுக்கம் வந்தது. 309 பேர் இறந்தார்கள். மாணவர் விடுதி ஒன்றின் ஒரு பகுதி சரிந்து எட்டு மாணவர்கள் இறந்தார்கள்.

வீட்டுக்குள் இருந்தவர்கள் ஏன் இறங்கவில்லை? அதைத் தெரிந்துகொள்ள ஒரு வாரம் பின்னால் போக வேண்டும்.

அந்த ஆண்டின் தொடக்கத்திலிருந்தே லாக்விலாவைச் சுற்றிச் சிறு அதிர்வுகள் தொடர்ந்தன. மார்ச் 30 அன்று 4 என்ற அளவைத் தொட்ட ஒன்று வந்ததும் ஊர் கலங்கிவிட்டது. போதாக்குறைக்கு, ஜாம்பாவ்லோ ஜூலியானி என்ற ஆய்வுக்கூடத் தொழில்நுட்பர் நிலத்திலிருந்து கசியும் ரேடான் வாயுவை அளந்து, பெரிய நிலநடுக்கம் வரப்போகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். லாக்விலாவுக்குத் தென்கிழக்கே உள்ள சுல்மோனாவில் மார்ச் 29 அன்று வரும் என்று அவர் எச்சரித்ததாகச் செய்தி பரவி, அந்த ஊரில் பதற்றம். அங்கே ஒன்றும் நடக்கவில்லை. பீதி கிளப்பியதாக அவர் மீது புகார் பதிவானது. ரோம் நகரில் இருந்த குடிமைப் பாதுகாப்புத் துறைக்கு இப்போது இரண்டு கவலை: நிலம் அதிர்வது ஒன்று, மக்கள் அதிர்வது இன்னொன்று. எதைப் பெரிய கவலையாக எடுத்துக்கொண்டது என்பதில்தான் வினை விளைந்தது.

துறைத் தலைவர் குய்தோ பெர்தொலாசோ மார்ச் 30 அன்று வட்டார அதிகாரி ஒருவரிடம் தொலைபேசியில் பேசிய பேச்சு வேறொரு விசாரணைக்காக ஒட்டுக்கேட்கப்பட்டு, மூன்றாண்டுகள் கழித்து வெளியே வந்தது. நாட்டின் தலைசிறந்த நிலநடுக்க நிபுணர்களை நாளை லாக்விலாவுக்கு அனுப்புகிறேன், இது ஊடகங்களுக்காகச் செய்யும் காரியம், மக்களுக்கு ஆறுதல் சொல்ல வேண்டும் என்பது அந்தப் பேச்சின் சாரம். நிபுணர்கள் என்ன சொல்ல வேண்டும் என்பதும் அதிலேயே இருந்தது. அவர்கள் இன்னும் கூடவே இல்லை. முடிவு முந்தின நாளே தயார்.

மார்ச் 31 அன்று 'பெரும் அபாய ஆணையம்' எனப்படும் நிபுணர் குழு லாக்விலாவில் கூடியது. சுமார் ஒரு மணி நேரம் பேசினார்கள். உள்ளே பேசப்பட்டதில் பெரிய பிழை இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். தேசியப் புவியியற்பியல் நிறுவனத்தின் தலைவர் என்ட்சோ போஸ்கி, 1703ஐப் போன்ற பெரும் நிலநடுக்கம் இப்போதைக்கு வர வாய்ப்பு குறைவு, ஆனால் அறவே வராது என்று சொல்லிவிட முடியாது என்றார். அறிவியலாக அது சரி. சிறு அதிர்வுத் தொடர்களில் நூற்றுக்கு ஒன்றிரண்டுதான் பெரிய நிலநடுக்கத்தில் முடிகின்றன. அதே வேளை, ஒன்றும் நடக்காத நாள் ஒன்றோடு ஒப்பிட்டால் அந்த ஒன்றிரண்டு விழுக்காடு பல நூறு மடங்கு கூடுதலான ஆபத்து. இந்த இரண்டாவது பாதியை யாரும் ஊருக்குச் சொல்லவில்லை.

ஊருக்குச் சொல்லப்பட்டது வேறு. கூட்டம் தொடங்கும் முன்பே, துறையின் துணைத் தலைவர் பெர்னார்தோ தெ பெர்னார்தினிஸ் தொலைக்காட்சிக்குப் பேட்டி கொடுத்தார். சிறு அதிர்வுகள் வழியாக ஆற்றல் வெளியேறிக்கொண்டே இருக்கிறது, ஆகவே நிலைமை சாதகமானது, அறிவியலாளர்கள் ஆபத்தில்லை என்கிறார்கள் என்றார். அப்படியானால் ஒரு கிளாஸ் ஒயின் குடிக்கலாமா என்று செய்தியாளர் கேட்க, தாராளமாக, மொன்தெபுல்சியானோவே குடிக்கலாம் என்று உள்ளூர் ஒயினின் பெயரைச் சொல்லிச் சிரித்தார். அவர் நீரியல் பொறியாளர். நிலநடுக்கவியல் அவர் துறை அல்ல.

'ஆற்றல் வெளியேறுகிறது' என்ற வாதத்தைப் பள்ளிக் கணக்கே உடைத்துவிடும். நிலநடுக்க அளவில் ஒரு படி ஏறினால் வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 32 மடங்கு. 4 அளவுள்ள அதிர்வுகள் சுமார் 2,800 வந்தால்தான் ஒரே ஒரு 6.3இன் ஆற்றல் தீரும். கூட்டத்தில் இருந்த ஒவ்வொரு நிலநடுக்க நிபுணருக்கும் இந்தக் கணக்கு தெரியும். ஆனால் மறுநாள் செய்தித்தாளைப் பார்த்து ஒருவரும், 'நாங்கள் அப்படிச் சொல்லவில்லை' என்று மறுக்கவில்லை. கூட்டக் குறிப்பில் கையெழுத்துப் போட்டதே நிலநடுக்கத்துக்குப் பிறகுதான். எனக்கு இந்த மௌனம்தான் ஒயின் நகைச்சுவையைவிடப் பெரிய குற்றமாகத் தெரிகிறது.

ஐந்து நாள் கழித்து அந்த இரவு வந்தது. குடும்பத்தைப் பறிகொடுத்த ஒருவர் பின்னர் சொன்னதன் கருத்து இது: என் அப்பாவாக இருந்திருந்தால் யோசிக்காமல் எங்களை வெளியே கூட்டிப்போயிருப்பார், நாங்கள் படித்தவர்கள், நிபுணர்கள் சொன்னதை நினைத்து உள்ளேயே இருந்துவிட்டோம். அறிவியலின் மேல் நம்பிக்கை இல்லாததால் விளைந்த சேதங்களைப் பற்றி நாம் அடிக்கடி பேசுகிறோம். இங்கே நம்பிக்கை வைத்தவர்கள் செத்தார்கள்.

2012 அக்டோபர் 22 அன்று நீதிபதி மார்கோ பில்லி, தெ பெர்னார்தினிஸ் உட்பட அந்தக் கூட்டத்தில் இருந்த ஏழு பேருக்கு ஆறாண்டுச் சிறை விதித்தார். அரசுத் தரப்பு கேட்டதே நான்காண்டுதான். உலகம் முழுக்க ஒரே தலைப்புச் செய்தி: நிலநடுக்கத்தை முன்கூட்டிச் சொல்லாததற்காக விஞ்ஞானிகளுக்குச் சிறை. அதற்கு முன்பே ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட அறிவியலாளர்கள் இத்தாலியக் குடியரசுத் தலைவருக்குக் கண்டனக் கடிதம் எழுதியிருந்தார்கள். ஆனால் வழக்கு தொடுத்தவர்கள் அப்படி ஒரு குற்றச்சாட்டை வைக்கவே இல்லை. நிலநடுக்கத்தைக் கணிக்க முடியாது என்பது எங்களுக்கும் தெரியும், அபாயத்தை அரைகுறையாக மதிப்பிட்டு ஊரைத் தூங்க வைத்தீர்கள் என்பதே புகார் என்று அரசு வழக்கறிஞர் திரும்பத் திரும்பச் சொன்னார். 2014 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆறு பேரை விடுவித்தது. தெ பெர்னார்தினிஸுக்கு மட்டும் இரண்டாண்டு, அதுவும் நிறுத்திவைக்கப்பட்ட தண்டனை. 2015இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

விடுவித்தது சரியென்றே நினைக்கிறேன். ஆனால் விடுதலை ஆனதால் கேள்வி தீர்ந்துவிடவில்லை. அந்த வாரம் முழுக்க லாக்விலாக்காரர்கள் கேட்டது ஒரே கேள்வி: இன்று ராத்திரி வீட்டில் படுக்கலாமா? நிபுணர்கள் தங்களுக்குள் விவாதித்தது வேறு கேள்வி: அதிர்வுத் தொடரை வைத்துப் பெரிய நிலநடுக்கத்தைக் கணிக்க முடியுமா? இரண்டாவதற்கு 'முடியாது' என்பது நேர்மையான பதில். அந்த 'முடியாது' மலையிலிருந்து இறங்கி ஊருக்குள் வரும்போது, வழியில் யாரோ அதை 'வராது' என்று மாற்றிவிட்டார்கள்.

வேறு எப்படிச் சொல்லியிருக்கலாம்? நானே எழுதிப் பார்த்தேன். 'பெரிய நிலநடுக்கம் இந்த வாரம் வருமா என்று எங்களுக்குத் தெரியாது. வராமல் போகவே வாய்ப்பு அதிகம். ஆனால் வழக்கமான வாரத்தைவிட ஆபத்து பல மடங்கு கூடியிருக்கிறது. உங்கள் வீடு பழைய கல்வீடா, அதிர்வு வந்தால் இறங்கி வெளியே போங்கள், உங்கள் பெரியவர்கள் செய்ததில் தவறில்லை. சாவியையும் காலணியையும் கட்டிலருகே வையுங்கள்.' இதைச் சொல்ல முனைவர் பட்டம் வேண்டாம். ஒரு மணி நேரக் கூட்டமும் வேண்டாம். இதைக் கேட்டு யாரும் தலைதெறிக்க ஓடியிருக்கவும் மாட்டார்கள். அதிகாரிகள் எப்போதும் அஞ்சும் 'பீதி' பேரிடர்களில் அபூர்வமானது என்று அத்துறைச் சமூகவியலாளர்கள் அரை நூற்றாண்டாகச் சொல்லிவருகிறார்கள். மக்கள் பெரும்பாலும் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுகிறார்கள், கிழவியைத் தூக்கிக்கொண்டு இறங்குகிறார்கள். பதறுகிறவர்கள் பெரும்பாலும் மைக்கின் முன்னால் இருப்பவர்கள்.

இது நடக்காத காரியமும் அல்ல. 2016 நவம்பரில் நியூசிலாந்தின் கைகோராவில் 7.8 அளவுள்ள நிலநடுக்கம் வந்தபோது, அந்நாட்டு ஜியோநெட் அமைப்பு இனி என்ன நடக்கலாம் என்பதை மூன்று கதைகளாக எழுதி வெளியிட்டது: வழக்கம்போல் அதிர்வுகள் குறைந்துகொண்டே போவது, 7க்கு மேல் இன்னொன்று வருவது, முதலாவதைவிடப் பெரியது வருவது. முதலாவது மிகவும் சாத்தியம், மூன்றாவது மிகவும் அரிது என்று எளிய சொற்களில் தரம் பிரித்து, நாள் போகப்போகத் திருத்தி வெளியிட்டார்கள். மிக மோசமான கதையை அவர்கள் மறைக்கவில்லை. அங்கே அந்தத் துணிவு சும்மா வந்துவிடவில்லை. 2011இல் கிறைஸ்ட்சர்ச் நிலநடுக்கத்தில் 185 பேரை இழந்து கற்ற பாடம் அது.

பிரிட்டனுக்கு இந்தப் பாடம் இரண்டு தவணைகளில் வந்தது. ஒன்று மாட்டின் வழியாக, இன்னொன்று ஆட்டின் வழியாக.

மாட்டுக் கதை பலருக்குத் தெரியும், சுருக்கமாகப் போகலாம். பித்தமாட்டு நோய் மனிதருக்குத் தொற்றுமா என்று ஆராய்ந்த சவுத்வுட் குழு, 1989இல், அதற்கு வாய்ப்பு மிகக் குறைவு என்றது. கூடவே, எங்கள் மதிப்பீடு தவறானால் விளைவு மிகக் கடுமையாக இருக்கும் என்றும் எழுதியது. அரசு முதல் வாக்கியத்தை மட்டும் கையில் எடுத்துக்கொண்டது. 1990இல் வேளாண் அமைச்சர் ஜான் கம்மர் தன் நான்கு வயது மகளுக்குக் கேமராக்களின் முன் மாட்டிறைச்சி பர்கரை ஊட்டப் பார்த்தார். 1996 மார்ச் 20 அன்று, மனிதருக்கு வந்திருக்கும் புதிய மூளைநோய்க்கு மாட்டு நோயே காரணமாக இருக்கக்கூடும் என்று நாடாளுமன்றத்தில் அரசு ஒப்புக்கொண்டது. பிரிட்டனில் 170க்கும் மேற்பட்டோர் அந்நோயால் இறந்தார்கள். லாக்விலாவில் நடந்தது போலவே இங்கும் ஐயம் தாளில் இருந்தது, அமைச்சரின் வாயில் இல்லை.

ஆட்டுக் கதை அவ்வளவாகப் பேசப்படாதது. எனக்கு அதுதான் பிடித்தது, காரணம் அதில் கெட்டவர் யாரும் இல்லை.

1986 ஏப்ரல் 26 அன்று செர்னோபில் அணு உலை வெடித்தது. ஒரு வாரத்தில் அந்த மேகம் பிரிட்டன் மேல் வந்தது. மே முதல் வாரம் வேல்ஸ், ஸ்காட்லாந்து, வடமேற்கு இங்கிலாந்தின் கும்பிரியா மலைகளில் கனமழை கொட்டியது. மழையோடு கதிரியக்கச் சீசியம் புல்லில் இறங்கியது. கவலைப்பட ஒன்றுமில்லை என்று அமைச்சர்கள் சொன்னார்கள். ஜூன் 20 அன்று திடீரென்று, கும்பிரியா மலைகளின் ஆடுகளை விற்கவோ வெட்டவோ கூடாது என்று தடை. மூன்று வாரம்தான், அதற்குள் அளவு இறங்கிவிடும் என்றார்கள்.

மூன்று வாரம் என்ற கணக்கு வானத்திலிருந்து குதித்ததல்ல. சீசியம் ஆட்டின் உடலை விட்டுக் கழியும் வேகம் அறிவியலாளர்களுக்குத் தெரியும். மண்ணில் விழுந்த சீசியத்தைக் களிமண் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும், மறுபடி புல்லுக்கு ஏறாது என்பதும் சோதித்து அறிந்தது. சிக்கல் எங்கே என்றால், அந்தச் சோதனைகள் சமவெளிக் களிமண்ணில் நடந்தவை. கும்பிரியாவின் உச்சி மேய்ச்சல் நிலம் களிமண் அல்ல. நூற்றாண்டுகளாகப் பாசியும் புல்லும் மக்கிப் படிந்த அமில மண். அதில் சீசியம் பிடிபடாமல் திரிந்து, வேர் வழியாக மறுபடி புல்லுக்குள் ஏறி, ஆட்டுக்குள் போய், புழுக்கையாக மண்ணுக்குத் திரும்பி, மறுபடி புல்லுக்கு ஏறியது. மூன்று வாரம் முடிந்தது. அளவு இறங்கவில்லை. சில இடங்களில் ஏறியிருந்தது. தடை காலவரையின்றி நீண்டது.

மலைக்கிடைக்காரனுக்கு ஆண்டு வருமானம் என்பது கோடை முடிவில் குட்டிகளை விற்பதில்தான் இருக்கிறது. விற்காவிட்டால் குட்டிகள் மலையிலேயே நின்று குளிர்காலப் புல்லையும் தின்று தீர்த்துவிடும். இதெல்லாம் தடை போட்டவர்களுக்குத் தெரியவில்லை. ஆடுகளைப் பள்ளத்தாக்குக்கு இறக்கி மேயுங்கள், அங்கே சீசியம் குறைவு என்று யோசனை சொன்னார்கள். பள்ளத்தாக்குப் புல் கொஞ்சம்தான், அதைக் குளிர்காலத்துக்குச் சேமிக்கிறோம் என்றார்கள் மேய்ப்பவர்கள். வைக்கோல் போடலாமே என்று ஒரு நிபுணர் கேட்டாராம். வைக்கோலை ஏறெடுத்துப் பார்க்கும் ஆட்டை எந்த ஊரில் கண்டீர்கள் என்று கேட்ட விவசாயிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

அந்த மலை ஆடுகளுக்கு வேலி கிடையாது. தாயோடு மேய்ந்து மேய்ந்து குட்டி தன் கிடையின் எல்லையைக் கற்றுக்கொள்கிறது. அறிவியலாளர்கள் ஒரு பண்ணையில் பென்டோனைட் என்ற களிமண் பொடியைத் தூவி, அது சீசியத்தைப் பிடித்துக்கொள்கிறதா என்று சோதித்தார்கள். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக நிலத்தைத் துண்டு போட்டு ஆடுகளை வேலிக்குள் அடைத்தார்கள். திறந்த மலையில் திரிந்த ஆட்டை அடைத்தால் அது வாடி மெலியும், உங்கள் கணக்கு தப்பும் என்று விவசாயிகள் முதல் நாளே சொன்னார்கள். யாரும் காதில் வாங்கவில்லை. கொஞ்ச காலத்தில் சோதனை சத்தமில்லாமல் கைவிடப்பட்டது. நீங்கள் சொன்னதுதான் சரி என்று விவசாயிகளிடம் ஒரு வார்த்தை சொல்லப்படவும் இல்லை.

இந்த மேய்ப்பர்களோடு நீண்ட நேர்காணல்கள் நடத்தி இதையெல்லாம் பதிவு செய்தவர் லான்காஸ்டர் பல்கலைக்கழகச் சமூகவியலாளர் பிரையன் வின். அவர் கண்டவற்றில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது இன்னொன்று. கும்பிரியாவின் கடற்கரையில் செல்லாஃபீல்ட் அணுநிலையம் இருக்கிறது, பழைய பெயர் விண்ட்ஸ்கேல். 1957இல் அங்கே உலை தீப்பிடித்து, சுற்றுவட்டாரப் பாலையெல்லாம் கொட்டச் சொன்னார்கள். இந்தச் சீசியம் செர்னோபிலிலிருந்து வந்ததா, அல்லது பக்கத்து வீட்டிலிருந்தே எப்போதோ வந்ததா என்று விவசாயிகள் கேட்டார்கள். செர்னோபில்தான், ஐயமே இல்லை என்றார்கள் நிபுணர்கள். பிறகு அளந்து பார்த்தால், அங்கிருந்த சீசியத்தில் ஏறக்குறைய பாதிதான் செர்னோபிலுடையது. மீதி பழைய அணுகுண்டுச் சோதனைகளும் விண்ட்ஸ்கேலும் விட்டுச்சென்றது. அப்படியானால் 1986க்கு முன்பே ஏன் யாரும் இங்கே வந்து அளக்கவில்லை? இந்தக் கேள்விக்கு அணு இயற்பியலில் பதில் கிடையாது.

1985இல், செர்னோபிலுக்கு முந்தைய ஆண்டு, லண்டன் ராயல் சொசைட்டி ஓர் அறிக்கை வெளியிட்டிருந்தது. மக்களுக்கு அறிவியல் புரிய வேண்டும், அதைப் புரியவைப்பது அறிவியலாளரின் கடமை என்றது. நல்ல அறிக்கை. ஆனால் அதன் அடியில் ஒரு நினைப்பு ஓடியது: புரிந்துவிட்டால் நம்பிவிடுவார்கள். கும்பிரியாவில் புரியாமல் தவித்தது யார்? மண்ணைப் பற்றி, புல்லைப் பற்றி, ஆட்டைப் பற்றித் தெரியாதவர்கள் கையில் கருவி இருந்தது. தெரிந்தவர்கள் கையில் ஆடு இருந்தது. 2000ஆம் ஆண்டில் பிரபுக்கள் சபைக் குழு ஒன்று, மாட்டு நோயின் சூடு ஆறாத நிலையில், ஒருவழிப் பாடம் போதாது, பேச்சுவார்த்தை வேண்டும் என்று எழுதியது. பதினைந்து ஆண்டு ஆகியிருக்கிறது, 'சொல்' என்பதிலிருந்து 'பேசு' என்பதற்கு வர.

தத்துவவாதி ஓனோரா ஓநீல் 2002இல் பிபிசி வானொலியின் ரீத் சொற்பொழிவுகளில் நம்பிக்கையைப் பற்றியே பேசினார். அவருடைய வாதத்தை என் சொற்களில் சொல்வதானால்: மக்களின் நம்பிக்கையை எப்படிக் கூட்டுவது என்பது கேள்வியே அல்ல. ஏமாற்றுக்காரனும் நம்பிக்கையைக் கூட்டத்தான் பார்க்கிறான். நாம் நம்பத் தகுந்தவர்களாக இருக்கிறோமா, அதைப் பிறர் சோதித்துப் பார்க்க வழி வைத்திருக்கிறோமா என்பதே கேள்வி. இதை வைத்துப் பார்த்தால் பேச்சுத் திறன் பயிற்சி, வண்ணப்படம், எளிய உவமை எல்லாம் இரண்டாம் வரிசைக்குப் போய்விடும். ஜூலியானி சொன்ன இடமும் தவறு, நாளும் தவறு. ஆனாலும் நிலநடுக்கத்துக்குப் பின் லாக்விலாவில் பலருக்கு அவர்தான் நாயகன், ஏனென்றால் அவர்களுடைய பயத்தைப் பயமாக எடுத்துக்கொண்ட ஒரே ஆள் அவராகத் தெரிந்தார். நிபுணர் காலிசெய்யும் நாற்காலியில் யாராவது உட்காரத்தான் செய்வார்கள்.

ஜூலியானி வேலை பார்த்த ஆய்வுக்கூடத்தின் பெயரை இதுவரை வேண்டுமென்றே சொல்லாமல் வந்தேன். லாக்விலாவின் தலைமாட்டில் இருக்கும் கிரான் சாசோ மலைக்குள், சுமார் 1,400 மீட்டர் பாறைக்கு அடியில் அது இருக்கிறது. நியூட்ரினோ என்ற நுண்துகளை ஆராயும் உலகின் பெரிய ஆய்வுக்கூடங்களில் ஒன்று. தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில் அம்பரப்பர் மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வகம் அமைக்கும் திட்டம் பற்றிப் பேச்செழுந்தபோதெல்லாம் எடுத்துக்காட்டாகச் சொல்லப்பட்ட பெயர்களில் இதுவும் ஒன்று.

பொட்டிப்புரம் கதையின் சுருக்கம் இது. முதலில் முதுமலையை ஒட்டிய சிங்காராவைத் தேர்ந்தெடுத்தார்கள். புலிகளின் வாழிடம் என்று 2009இல் சுற்றுச்சூழல் அமைச்சகம் மறுத்தது. பிறகு பொட்டிப்புரம் இருக்கும் போடி மேற்கு மலை. 50,000 டன் காந்தமேற்றிய இரும்பு, சுமார் இரண்டு கிலோமீட்டர் சுரங்கம். 2015 ஜனவரியில் சுமார் 1,500 கோடி ரூபாய்க்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல். உடனே எதிர்ப்பு, வழக்கு, தடை. மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா 5 கிலோமீட்டருக்குள் இருப்பதைக் கணக்கில் எடுக்காமல் அனுமதி கொடுத்தது தவறு என்று 2017இல் பசுமைத் தீர்ப்பாயம் அதை நிறுத்தி வைத்தது. அடுத்த ஆண்டு சிறப்பு நேர்வாகக் கருதி அமைச்சகம் மறுபடி அனுமதி தந்தது. 2022இல் தமிழ்நாடு அரசு இத்திட்டம் வேண்டாம் என்று உச்ச நீதிமன்றத்தில் சொல்லிவிட்டது.

இந்த ஆண்டுகளில் இரு தரப்பும் பேசியதைத் தொகுத்துப் பார்த்தால் இரண்டு செவிடர்களின் உரையாடல் போல இருக்கும். அறிவியலாளர்கள் பெரும்பாலும் நியூட்ரினோவை விளக்கினார்கள்: அது எதனோடும் மோதுவது மிக அரிது, நொடிக்குக் கோடானுகோடி நம் உடலைத் துளைத்துக்கொண்டு போகிறது, ஒன்றும் செய்யாது, 1965இலேயே கோலார் தங்கச் சுரங்கத்தில் நம் நாட்டில் அதைக் கண்டோம். எல்லாம் உண்மை. நியூட்ரினோ குண்டு, நியூட்ரினோ கதிர்வீச்சு என்று எதிர்ப்பு மேடைகளில் பேசப்பட்டவற்றில் பலதும் பொய், அதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் மலையடிவாரத்தில் ஆடு மாடு மேய்ப்பவரும் கிணற்றுப் பாசனக்காரரும் கேட்டது நியூட்ரினோவைப் பற்றி அல்ல. வெடி வைத்தால் பாறை இடுக்கில் வரும் ஊற்று என்ன ஆகும்? தோண்டிய கல்லை எங்கே கொட்டுவீர்கள்? மலையில் மாடு ஏற விடுவீர்களா? பணம் கொடுப்பது அணுசக்தித் துறை, அது எதையும் வெளியே சொல்லாத துறை, நாளைக்கு இந்தக் குகையை வேறு எதற்காவது பயன்படுத்தமாட்டீர்கள் என்பதற்கு யார் பொறுப்பு? துகள் இயற்பியலில் இவற்றுக்கு விடை இல்லை. நிலநீர், சுரங்கப் பொறியியல், சட்டம் ஆகியவற்றில் இருக்கிறது.

கிரான் சாசோவின் பெயரைச் சொன்னவர்கள் அதன் தண்ணீர்க் கதையையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். அந்த மலைக்குள் பெரும் நிலத்தடி நீர்த்தேக்கம் உண்டு, சுமார் ஏழு லட்சம் பேருக்கு அதுவே குடிநீர். நெடுஞ்சாலைச் சுரங்கம் தோண்டியபோதே அந்த நீர்த்தேக்கத்தில் துளை விழுந்து வெள்ளம் பாய்ந்தது. 2002 ஆகஸ்டில் ஆய்வுக்கூடத்தின் ஒரு சோதனையிலிருந்து சுமார் ஐம்பது லிட்டர் ரசாயனத் திரவம் கசிந்து ஓடையில் கலந்தது. ஐம்பது லிட்டர் என்பது இரண்டு மூன்று பிளாஸ்டிக் குடம். அது வழக்காகி, திரவம் கையாளும் வேலைகள் சில ஆண்டுகள் முடங்கின. தேனியில் திட்டமிட்டது இரும்புத் தகடுகளும் வாயுக் கலங்களும்தான், அந்த வகை ரசாயனக் குளம் அங்கே கிடையாது. இந்த வேறுபாட்டைத் தாங்களே முன்வந்து சொல்லியிருந்தால், எதிர்ப்பாளர் கண்டுபிடித்துச் சொல்வதைவிடப் பத்து மடங்கு பெறுமானம் இருந்திருக்கும். தன் தரப்பின் பழைய விபத்தைத் தானே எடுத்து வைப்பவனைச் சந்தேகிப்பது கடினம்.

கும்பிரியாவில் மூன்று வாரம் என்று சொன்ன தடை, கடைசிச் சில பண்ணைகளில் 2012 ஜூன் 1 அன்று விலகியது. இருபத்தாறு ஆண்டு. பொட்டிப்புரத்தில் மலை அப்படியே நிற்கிறது. அங்கேயோ, இன்னொரு மலையடிவாரத்திலோ, இந்தத் திட்டத்துக்கோ, வேறொன்றுக்கோ நாளைக்கு ஒரு கூட்டம் போட்டால், ஏற்பாடு செய்கிற அறிவியலாளர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். புரொஜெக்டரை வண்டியிலேயே விட்டுவிட்டு, கூடவே ஒரு நிலநீர் வல்லுநரையும் அழைத்துக்கொண்டு போங்கள். மேடை ஏறும் முன் ஊர்க்காரர் ஒருவரோடு நடந்துபோய் அவர் கிணற்றை எட்டிப் பாருங்கள்.